மலைநாட்டு ஓவியர் நயன்சுக்

வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்ல இயலாத ஆண்டுகளில், இமயத்தின் அடிவாரத்தை நாடிச் செல்வது வழக்கம். பதான்கோட்டைக் கடந்து காங்ரா, ஜ்வாலாமுகி, தர்மசாலா என்று ஒரு சுற்றுச் சுற்றி, அம்மனைத் தரிசித்து, தௌலாதார்ப் பனிமலையைக் கண்குளிரக் கண்டு, ஒரு கம்பளிச் சால்வையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அந்த வழியில் குலேர் என்றொரு சிற்றூர் இருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. கவனிக்க அங்குப் பெரிதாக என்ன இருக்கிறது? இடிந்த ஒரு கோட்டை, பழைய கோயில்கள், பாணகங்கை என்னும் ஆறு. ஆயினும், உலகத்தின் பெரிய ஓவியர்களுள் ஒருவர் பிறந்த ஊர் அது. அவர் பெயர் நயன்சுக். ‘கண்ணுக்கு இன்பம்’ என்பது அப்பெயரின் பொருள். பெற்றோர் அறிந்துதான் வைத்தனரோ என்று வியக்கத் தோன்றுகிறது.

இவரைப் பற்றி எழுத நாம் முற்பட்டதற்குக் காரணங்கள் இரண்டு. மலை வாழ்வையும் காதலையும் அன்றாட நிகழ்ச்சிகளையும் இவர் கண்ட விதம், குறிஞ்சித் திணையைப் போற்றி வளர்ந்த தமிழ் நெஞ்சுக்கு நெருக்கமானது என்பது ஒன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக மறைந்து கிடந்த இவரது வரலாறு ஒரு பதிவேட்டிலிருந்து மீட்கப்பட்டது என்பது மற்றொன்று. பதிவேடுகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்ற எழுத்தர்களுக்கு இந்த இரண்டாவது காரணம் சற்றுக் கூடுதலான மகிழ்ச்சியைத் தருகிறது என்பதை மறைப்பானேன்!

குலேரும் அதன் கதையும்

குலேர் அரசு தோன்றிய வரலாறே ஒரு கதை போன்றது. 1405 ஆம் ஆண்டளவில் காங்ரா அரசர் ஹரிசந்த் வேட்டைக்குச் சென்றபோது ஒரு கிணற்றில் வீழ்ந்துவிட்டாராம். உடன் சென்றவர்கள் தேடிக் களைத்து, அவர் இறந்தார் என்றே கருதித் திரும்பினர். அரசியர் தீப்புகுந்தனர், தம்பி அரியணை ஏறினார். சில நாட்களுக்குப் பின் அவ்வழியே சென்ற வணிகர் ஒருவர் கிணற்றிலிருந்து அரசரை மீட்டார். இறந்தவராக எண்ணப்பட்ட ஹரிசந்த் தம்பியோடு போரிட விரும்பாமல், விலகிச் சென்று தமக்கென ஒரு சிற்றூரை அமைத்துக்கொண்டார். அதுவே ஹரிப்பூர் என்னும் குலேர். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெரிய காங்ராவுக்கு அண்ணன் முறை கொண்டாடிய இந்தச் சிறிய நாடு, படையாலும் செல்வத்தாலும் அன்றி, ஓவியத்தாலேயே பெயர் பெற்றது.

அக்காலத்தில் இராவிக்கும் சட்லெஜுக்கும் இடைப்பட்ட மலைகளிலும் அவற்றை அடுத்தும் இத்தகைய சிற்றரசுகள் பல இருந்தன. பசோலி, சம்பா, ஜஸ்ரோட்டா, மண்டி, குலு, நூர்ப்பூர் என்று அவை விரியும். ஒவ்வொன்றிலும் ஓர் அரசர், ஒரு சிறு கோட்டை, ஒரு குலதெய்வம். சிலவற்றில் தலைமுறை தலைமுறையாக ஓவியம் தீட்டிய குடும்பங்களும் இருந்தன. ‘பஹாரி’ அதாவது ‘மலைநாட்டு’ ஓவியம் என்று நாம் இன்று கூறும் கலை இவற்றில் வளர்ந்ததே.

தந்தையும் இரு மைந்தரும்

குலேரில் பண்டித சேவு என்னும் ஓவியர் வாழ்ந்தார். தச்சுத் தொழிலும் ஓவியத் தொழிலும் கலந்த மரபினர் அக்குடும்பத்தார். சேவுக்கு மைந்தர் இருவர். மூத்தவர் மானக்கு, இளையவர் நயன்சுக். 1710 ஆம் ஆண்டளவில் நயன்சுக் பிறந்தார் என்பர்.

ஓவியன் வீட்டில் பிறந்த குழந்தைக்கு வீடே பள்ளி. காகிதத் தாள்களை ஒட்டிக் கனமாக்குவது, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவது, அணிலின் வால்மயிரைக் கட்டித் தூரிகை செய்வது, கல்லையும் மண்ணையும் அரைத்துச் சலித்து வண்ணம் எடுப்பது ஆகியவை எல்லாம் விளையாட்டோடு விளையாட்டாய்க் கைவந்துவிடும். பச்சைக்கு ஒரு கல்; நீலத்துக்கு ஒரு கல்; மஞ்சளுக்கு அரிதாரம். பசோலி ஓவியங்களில் நகைகளின் மரகதம் மின்னவேண்டும் என்பதற்காக வண்டுகளின் பச்சைநிறச் சிறகுறையைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒட்டினர் என்றால், அம்மக்கள் சுற்றியிருந்த இயற்கையை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பது விளங்கும். காட்டிலும் ஆற்றங்கரையிலும் கிடைத்தவையே பல வகையில் அவர்கள் கைக்கருவிகள் ஆயின.

உடன்பிறந்தார் இருவரும் ஒரே தந்தையிடம் பயின்றவர்கள். எனினும் இருவர் பார்வையும் இரு திசை. மானக்கு புராணத்தின் பேருருவங்களில் ஈடுபட்டவர். 1730 இல் அவர் கீதகோவிந்தத்துக்கு வரிசையாக ஓவியங்கள் தீட்டினார். பாகவத ஓவிய வரிசை ஒன்றில், படைப்பின் தொடக்கத்தில் சுழிக்கும் நீர்ப்பரப்பின் மேல் பொன்முட்டை ஒன்று மட்டும் மிதக்கும் காட்சியைத் தீட்டியுள்ளார். மனிதர் இல்லை, மரம் இல்லை, கரை இல்லை. அலைச் சுழல்களும் பொன்னுமே. காசி பாரத கலா பவனத்தில் உள்ள அவ்வோவியத்தைக் கண்டவர் எளிதில் மறவார்.

இளையவர் நயன்சுக்கோ படைப்பின் தொடக்கத்தைத் தேடிப் போகவில்லை. எதிரே அமர்ந்திருக்கும் மனிதரைப் பார்த்தார். அவர் உட்காரும் விதம், தோள் சரியும் விதம், சலிப்பில் கண் சொருகும் விதம் ஆகியவை போதும் என்று கண்டார். தந்தையின் வழியை விட்டுச் சற்று விலகி, முகலாய ஓவியத்தின் நுண்மையையும் அடக்கமான வண்ணங்களையும் தம் கைக்குள் கொண்டுவந்தார். 1739 இல் நாதிர்ஷா தில்லியைச் சூறையாடியதும் அங்கிருந்து தப்பிய ஓவியர்கள் மலைக்கு வந்தனர், அவர்களாலேயே மலைநாட்டு ஓவியம் மாறியது என்று முன்பு பலர் கருதினர். தப்பி வந்தோர் சிலர் இருந்திருக்கலாம். ஆயினும் மாற்றத்தின் வேர் இந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு.

புரவலரும் ஓவியரும்

1740 ஆம் ஆண்டளவில் நயன்சுக் குலேரை விட்டுப் புறப்பட்டார். வாழ்வு தேடி ஊர்விட்டு ஊர் செல்வது என்ன என்பதை நமக்கு ஒருவர் விளக்கவேண்டியதில்லை. இன்று ஜம்மு நிலப்பகுதியின் கதுவா மாவட்டத்தில் சேர்ந்துள்ள ஜஸ்ரோட்டாவுக்கு அவர் சென்றார். அங்கே அரச குடும்பத்தைச் சேர்ந்த பல்வந்த் சிங் என்பவரின் ஆதரவு கிடைத்தது. 1724 இல் பிறந்த பல்வந்த் சிங், ஓவியரினும் வயதில் இளையவர். பெரிய நாட்டை ஆண்டவர் அல்லர். பெரும்போரில் வென்றவரும் அல்லர். அவரை வரலாறு நினைவில் கொள்வதற்கு ஒரே காரணம் நயன்சுக் அவரைத் தீட்டியதுதான்.

அரசர்களைத் தீட்டும் ஓவியர்கள் பொதுவாக என்ன செய்வர்? அரியணையில் அமர்த்துவர், தலைக்குப் பின்னே ஒளிவட்டம் இடுவர், யானைமேல் ஏற்றுவர். நயன்சுக்கும் அவையையும் வேட்டையையும் ஆடல் பாடலையும் தீட்டியவரே. ஆனால் அவ்வளவோடு நின்றாரில்லை. பல்வந்த் சிங் நாவிதரிடம் தாடியைத் திருத்திக்கொள்கிறார், ஓவியம் ஆகிறது. கூடாரத்துக்குள் தனியே அமர்ந்து கடிதம் எழுதுகிறார், ஓவியம் ஆகிறது. குளிரில் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு நெருப்பின் முன் குன்றி அமர்ந்திருக்கிறார். அதுவும் ஓவியம் ஆகிறது. இந்தக் கடைசி ஓவியத்தில் அரச மிடுக்கு எதுவும் இல்லை. குளிர்காலத்து மாலையில் எந்த மலைவீட்டிலும் காணக்கூடிய ஒரு மனிதர் அவர். தம்மை இவ்வாறு பார்க்க ஓர் ஓவியரை அனுமதித்த புரவலரின் பெருந்தன்மையை எண்ணுக. அப்படிப் பார்த்தும் சிறுமைப்படுத்தாத ஓவியரின் கண்ணியத்தையும் எண்ணுக.

பல்வந்த் சிங் ஓர் ஓவியத்தைக் கையிலேந்தி நோக்கும் காட்சியொன்றும் உண்டு. அவர் கையிலுள்ள படத்தில் கண்ணன் தோன்றுகிறான். அவருக்குப் பின்னே, பணிவாக, தாம் தீட்டியது புரவலருக்குப் பிடித்ததோ என்னும் எதிர்பார்ப்போடு இருப்பவர் நயன்சுக்கே என்று அறிஞர் கருதுவர். மற்றோர் ஓவியத்தில் எக்காளம் ஊதுவோர் வரிசையாக நிற்கின்றனர். நீண்ட கருவிகள் வானை நோக்கி நிமிர, கன்னங்கள் பந்துபோல் புடைக்க, அவர்கள் முழு மூச்சோடு ஊதுகின்றனர். கூலிக்கு ஊதும் எளிய மக்கள் அவர்கள். அரசரின் முகத்துக்குத் தந்த அதே அக்கறையை அந்தப் புடைத்த கன்னங்களுக்கும் நயன்சுக் தந்திருக்கிறார்.

1763 இல் பல்வந்த் சிங் இறந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர்பு அறுந்தது. அவரது அஸ்தியைக் கங்கையில் கரைக்க ஹரித்வாரம் சென்ற குழுவில் நயன்சுக்கும் சென்றார். வழியில் அஸ்திக் கலசம் இறக்கி வைக்கப்பட்டிருக்கும் காட்சியையும் அவர் தீட்டியுள்ளார். உயிரோடு இருந்தவரை எத்தனையோ நிலைகளில் தீட்டிய கை, அவர் கலசத்துக்குள் அடங்கிய பின்னும் ஓயவில்லை. பாரியை இழந்த கபிலர் நம் நினைவுக்கு வருகிறார். குறிஞ்சியைப் பாடுவதில் வல்லவரான அப்புலவர், பறம்பு மலையின் தலைவனோடு கொண்ட நட்பை அவன் இறந்த பின்னும் விடவில்லை. அவனுடைய மகளிரைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். காலமும் நாடும் மொழியும் வேறு. எனினும் கலைஞனுக்கும் புரவலனுக்கும் இடையே கொடுப்பதும் பெறுவதும் கடந்த ஓர் உறவு இருக்கமுடியும் என்பதற்கு இரண்டும் சான்று.

பின்னர் நயன்சுக் பசோலி அரசர் அம்ரித் பாலின் ஆதரவில் வாழ்ந்து, 1778 இல் மறைந்தார்.

காதலும் மலையும்

நயன்சுக்கின் மைந்தர் நால்வர்: காமா, கௌது, நிக்கா, ராஞ்சா. மானக்குவின் மைந்தர் இருவர்: பத்து, குஷாலா. மலைநாட்டு ஓவியத்தின் மிகச் சிறந்த காலம் இந்தப் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளின் காலமே. காங்ராவில் 1775 இல் பட்டத்துக்கு வந்த சன்சார் சந்த் அப்போது சிறுவர். வளர்ந்து, கலையின் பெரும்புரவலராக விளங்கினார். 1775 ஆம் ஆண்டளவில் இத்தலைமுறையினர் தீட்டிய கீதகோவிந்த ஓவியங்களும், அவற்றை அடுத்து வந்த பாகவத ஓவியங்களும் பிகாரி சத்சயி ஓவியங்களும் உலகப் புகழ் பெற்றவை.

கீதகோவிந்தத்தின் களம் யமுனைக்கரை, பிருந்தாவனம். அது சமவெளி. ஆனால் இந்த ஓவியங்களில் வரும் யமுனை, மலையடிவாரத்து ஆறு போல வளைந்து செல்கிறது. கரையில் வட்டமான பசுங்குன்றுகள். அவற்றின் மேல் பூத்த மரங்கள். மரத்தைத் தழுவும் கொடிகள். ஜயதேவரின் கண்ணனையும் இராதையையும் இந்த ஓவியர்கள் தம் வீட்டு வாசலுக்கே அழைத்து வந்துவிட்டனர். ஆயர்கள் காங்ரா மலைவாசிகளாயினர். இராதை காங்ராப் பெண்ணாயினாள்.

இங்கே நம் தொல்காப்பிய மரபை நினைக்காமல் இருக்கமுடியவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் பறவையும் தொழிலும் கருப்பொருள். காதல் ஒழுக்கம் உரிப்பொருள். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி. அதற்குரிய ஒழுக்கம் புணர்தல். காங்ரா ஓவியர்கள் தொல்காப்பியம் கற்றவர்கள் அல்லர். இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று கூற நாம் துணியமாட்டோம். எனினும், காதலை வெறும் உணர்ச்சியாகத் தனித்துக் காட்டாமல், அது நிகழும் மண்ணோடும் மரத்தோடும் மழையோடும் சேர்த்தே காட்டவேண்டும் என்னும் அறிவு இரண்டிடத்தும் இருக்கிறது. இராதை காத்திருக்கும்போது அவள் அருகிலுள்ள மரமும் காத்திருக்கிறது. மலைநாட்டில் வாழ்ந்தவனுக்கு இது அணியிலக்கணம் அன்று, கண்ட காட்சி.

சன்சார் சந்தின் செல்வநிலை நெடுநாள் நீடிக்கவில்லை. கூர்க்கர்கள் படையெடுத்தனர். 1809 இல் காங்ராக் கோட்டை ரஞ்சித் சிங்கின் கைக்குச் சென்றது. 1823 இல் சன்சார் சந்த் மறைந்தார். அவர் குலத்து இளவரசியர் டெஹ்ரி கட்வால் அரசருக்கு மணமுடித்துத் தரப்பட்டபோது சீர்வரிசையோடு ஓவியங்கள் பலவும் அங்குச் சென்றன என்பர். 1905 ஏப்ரல் 4 ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் காங்ராப் பள்ளத்தாக்கைத் தரைமட்டமாக்கியது. ஏறத்தாழ 20,000 உயிர்கள் மாண்டன. ஓவியர் குடும்பங்கள் சிதறின. ஓவியங்கள் எஞ்சின; தீட்டியவர் பெயர்கள் மறைந்தன.

பெயர் கிடைத்த கதை

இவ்வோவியங்களை உலகின் முன் முதலில் பெருமையோடு நிறுத்தியவர்களுள் தலையானவர் ஒரு தமிழ்த் தந்தையின் மைந்தர் என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும். 1877 இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1916 இல் இராஜபுத்திர ஓவியம் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். முகலாய அரண்மனைக் கலையினின்றும் இது வேறு, மக்களின் பக்தியிலும் காதலிலும் வேர்கொண்டது என்று எடுத்துரைத்தவர் அவரே. மரபுக்கலையில் கலைஞன் பெயர் முக்கியமன்று என்பது அவர் கொள்கை. தனிமனிதன் தன்னை வெளிப்படுத்த அன்று தீட்டினான் இல்லை. மரபு அவன் கை வழியே பேசிற்று என்பார்.

அவருக்குப் பின் வந்த ஆர்ச்சர், ரந்தாவா முதலிய அறிஞர்கள் ஓவியங்களை அரசுகளின் பெயரால் வகைப்படுத்தினர். குலேர்ப் பாணி, பசோலிப் பாணி, காங்ராப் பாணி என்பன வழக்கில் நிலைத்தன. தீட்டியவர் யார் என்னும் வினாவுக்கு மட்டும் தெளிவான விடை இல்லை. மானக்கு என்னும் பெயர் ஒரு பெண்ணின் பெயரோ என்றுகூட அறிஞரிடையே வாதம் நடந்தது!

இந்நிலையில்தான் பி. என். கோஸ்வாமி என்னும் அறிஞர் வந்தார். இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர், 1958 இல் அப்பதவியைத் துறந்து கலை ஆராய்ச்சியில் இறங்கினார். அவர் தேடிச் சென்ற இடங்களுள் முக்கியமானவை ஹரித்வாரத்துப் பண்டாக்களின் பதிவேடுகள். ஹரித்வாரம் சென்ற நம்மவர் அவற்றைப் பார்த்திருக்கலாம். யாத்திரை வந்தவரின் ஊரையும் குலத்தையும் கேட்டு, நீண்ட ஏட்டை விரித்து, உங்கள் பாட்டனார் இன்ன ஆண்டில் இன்ன காரியத்துக்காக வந்தார் என்று படித்துக் காட்டுவர். அதன் கீழே நாம் நம் பெயரை எழுதித் திரும்பவேண்டும். ‘பஹி’ என்பது அவ்வேட்டின் பெயர்.

அரசர்கள் மட்டுமா ஹரித்வாரம் சென்றார்கள்? ஓவியர்களும் சென்றிருப்பார்கள் அல்லவா? இந்த எளிய எண்ணமே அவரை வழிநடத்தியது. மலைநாட்டு ஊர்களுக்குரிய பண்டாக்களின் ஏடுகளைப் புரட்டினார். குலேர்த் தச்சர்-ஓவியர் குடும்பத்தின் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. தந்தை, மைந்தர், பேரர் என்று குலமரம் எழுந்து நின்றது. அவற்றிடையே, 1763 இல், பல்வந்த் சிங்கின் அஸ்தியோடு வந்த நயன்சுக் தம் கைப்பட எழுதிய பதிவும் இருந்தது. எழுதியதோடு நில்லாமல், அந்த ஏட்டிலேயே சிறு கோட்டோவியம் ஒன்றையும் அவர் வரைந்து வைத்திருந்தார்.

1968 இல் ‘மார்க்’ இதழில் கோஸ்வாமி தம் முடிவை வெளியிட்டார். பாணி என்பது அரசுக்கு உரியதன்று, குடும்பத்துக்கு உரியது. ஓவியர் இடம் மாறினால் பாணியும் அவரோடு செல்லும் என்பது அதன் சாரம். 1997 இல் நயன்சுக்கைப் பற்றித் தனிநூலே எழுதினார். 2010 இல் அமித் தத்தா என்பவர் நயன்சுக்கின் வாழ்வைத் திரைப்படமாகவும் எடுத்தார். 2023 நவம்பரில் கோஸ்வாமி மறைந்தார்.

பெயர் வேண்டுமா?

ஆனந்த குமாரசுவாமி கூறியதுபோல், பெயர் இல்லாவிட்டால் என்ன? ஓவியம் இருக்கிறதே, போதாதா? இவ்வினா நம்மை நெடுநாள் வருத்தியது. அப்பேரறிஞரை மறுக்க நமக்குத் தகுதி இல்லை. அவர் கூற்றில் பெரும் உண்மையும் உண்டு. நயன்சுக் தம் பெயர் விளங்கவேண்டும் என்று தீட்டியவர் அல்லர். அவர் பெயர் பொறித்த ஓவியங்கள் மிகச் சிலவே.

ஆயினும், பெயர் தெரியாத காலத்தில் நாம் இழந்தது என்ன என்பதையும் எண்ணவேண்டும். தாடி திருத்தும் படமும், குளிர்காயும் படமும், அஸ்திக் கலசப் படமும் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு தலைப்புகளின் கீழ்ச் சிதறிக் கிடந்தபோது அவை தனித்தனி அழகிய படங்கள் மட்டுமே. இவர் ஒருவர், அவர் ஒருவர், இருவரிடையே இருபது ஆண்டு நட்பு என்று அறிந்த பின்புதான் அவை ஒரு வாழ்க்கையாகத் தொடுத்துக்கொண்டன. மரபு ஆயிரம் பேருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுத் தரும். போர்வைக்குள் குன்றி அமர்ந்த நண்பரை அன்போடு பார்க்க மரபு மட்டும் கற்றுத் தராது. அந்தப் பார்வைக்கு ஒரு பெயர் வேண்டும்.

அப்பெயர் காப்பாற்றப்பட்டது எவ்வாறு? புகழுக்காகப் பொறித்த கல்வெட்டால் அன்று. இறந்த நண்பருக்குச் செய்த கடைசிக் கடமையின்போது, மற்ற யாத்திரிகர்களைப் போலத் தாமும் எழுதிய ஒரு வரியால். அதை எழுதி வைக்கச் செய்து, கறையான் அரிக்காமல், தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்தவர்கள் பெயர் அறியாத ஏடு காப்போர். தலைப்பும் தேதியும் தவறாமல் குறிக்கும் அந்தச் சலிப்பூட்டும் வேலைக்கு இவ்வளவு பெருமை உண்டு என்பதை அறிந்த நாள்முதல், நம் மேசைமேல் உள்ள பதிவேட்டைச் சற்று மரியாதையோடுதான் திறக்கிறோம்.

ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் பாட்டனார் பெயர் வரை பிள்ளைகள் அறிவர். அதற்கு மேல் கேட்டால் திகைப்பர். முப்பாட்டனார் எந்த ஊரில், என்ன தொழில் செய்தார், எந்தக் கையால் எதைச் செய்தார் என்பதைச் சொல்லத்தக்க பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க அதிகப் பொழுது வேண்டாம். அதில் ஒரு நயன்சுக் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் இருந்தாரா என்பது, எழுதி வைத்தால் அல்லவா பின்னொரு நாள் தெரியும்!

அடுத்த கோடையில் காங்ராவுக்குச் செல்லும் அன்பர்கள் குலேரிலும் சற்று நின்று வரவேண்டும். பெரிதாகக் காண அங்கு ஒன்றும் இல்லை என்று முதலில் கூறினோம். மாலை வெயிலில் தூரத்துப் பனிமலை சிவக்கும். அருகிலுள்ள வீட்டு முற்றத்தில் யாரேனும் ஒருவர் போர்வையைப் போர்த்துக்கொண்டு அமர்ந்திருக்கக்கூடும். நயன்சுக் பார்த்ததும் அவ்வளவே.